ஏகாம்பரத்தாரின் கடலும் ஒரு சிவப்புச் சாரமும்

அண்ணை,

இன்று காலை பல்கனியில் நிற்கும் தக்காளிச் செடிக்குப் பக்கக் கிளை கிள்ளினேன். கிள்ளிய விரலைத் துடைக்காமல் மூக்கைச் சொறிந்துவிட்டேன். அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

தக்காளிப் பழத்துக்கு அந்த மணம் கிடையாது. இலைக்கும் தண்டுக்கும்தான் உண்டு. பச்சையாக, கொஞ்சம் கசப்பாக, சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒளிந்திருக்கும். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் நாம் இருவரும் ஒன்றாக இருந்த காலம் முழுவதும் நம் வீட்டின் மணம் அதுதான். உங்களுக்கு ஊருக்கு வெளியே கண்ணாடிக் குடில்களில் தக்காளி வேலை. எனக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலை. நான் கதவைத் திறந்ததும், "தம்பி, அதிலயே நில். நேர குளிக்கப் போ. உன்ர மணத்தோட வைச்சா மீன்கறியும் பண்டிக்கறியாப் போயிடும்" என்பீர்கள். உங்கள் மேலிருந்து வரும் மணத்தைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது நான் ஒடென்சேயில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்கள் எழும்பவில்லை. இந்த மணத்தைப் பற்றிக் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரில் நீங்கள் ஆட்களை ஏற்றி வான் ஓடியவர். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எந்த வளைவில் எந்த மாடு படுத்திருக்கும் என்று தெரிந்தவர். டென்மார்க்குக்கு வரும்போது, நான் அக்கா என்று அழைக்கும் உங்கள் மனைவியையும் மகள் தர்ஷினியையும் அங்கே விட்டுவிட்டு வந்தீர்கள். தர்ஷினி அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கத்தான் பழகியிருந்தாள். இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. நீங்களும் விண்ணப்பம் போட்டீர்கள். பிறகு காத்திருந்தீர்கள். விபோர்க்கில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள், ஒடென்சேயில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில், பரிசீலனையில் இருக்கிறது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்திலிருந்தே ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பதும், அதற்குத் தமிழர் வழக்கு என்று ஒரு பெயர் வரும் என்பதும், அது பெரிய பெரிய ஆட்களைக் கதிரையிலிருந்து இறக்கும் என்பதும் அப்போது நமக்குத் தெரியாது. நாம் ஏதோ ஒரு கடதாசியைச் சரியாக நிரப்பவில்லையோ என்றுதான் நம்மையே நொந்துகொண்டிருந்தோம்.

ஒவ்வொரு இலையுதிர் காலமும் நீங்கள் ஒரு குழந்தைச் சப்பாத்து வாங்குவீர்கள். உள்ளே கம்பளி வைத்த பனிச் சப்பாத்து. "வந்து இறங்கேக்க கால் விறைக்கக் கூடாது" என்பது உங்கள் நியாயம். அளவுக்கு என்ன செய்வது? கடையில் தர்ஷினியின் வயதில் ஒரு டேனிஷ்க் குழந்தையைத் தேடிப்பிடித்து, அதன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஒருமுறை ஒரு தாய் பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். நான் வெட்கப்பட்டு வெளியே ஓடினேன். நீங்கள் அசையவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சப்பாத்து சிறிதாகிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட்டு, பெரிதாக ஒன்று வாங்குவீர்கள். அலுமாரியின் கீழ்த்தட்டில் எப்போதும் ஒரு சோடி புதுச் சப்பாத்து இருந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதற்கு நம் வீட்டில் இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

கீழ் வீட்டுக் கிர்ஸ்டனை நினைக்காமல் அந்தக் காலத்தை நினைக்க முடியாது. நகர நூலகத்தில் வேலை செய்தவர். அவரிடம் தொலைபேசி இருந்தது, நம்மிடம் இல்லை. எல்லா அலுவலகங்களுக்கும் அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். நம் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்றும் அவரிடம் இருந்தது. உங்கள் டேனிஷ் முன்னேறட்டும் என்று அவர்தான் சிறுவர் பகுதியிலிருந்து படம் போட்ட கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சமையலறை மேசையில் அதை விரித்துவைத்து, வெங்காயம் உரித்தபடி எழுத்துக் கூட்டி வாசிப்பீர்கள். வெங்காயத்துக்கு அழுகிறீர்களா, டேனிஷுக்கு அழுகிறீர்களா என்று நான் கேட்பேன்.

அதில்தான் அந்த அரசன் வந்தான். ஏகேயுஸ். ஏதென்ஸ் நகரத்து அரசன். கிரேத்தா தீவில் இருந்த எருதுத்தலைப் பூதத்துக்குத் தன் ஊர்ப் பிள்ளைகள் இரையாகிறார்கள் என்று அவனுடைய மகன் கப்பலேறிப் போகிறான், பூதத்தைக் கொல்ல. போகும் கப்பலுக்குக் கறுப்புப் பாய். உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் கட்டி வருகிறேன் என்று தகப்பனுக்கு வாக்குக் கொடுக்கிறான். பூதத்தைக் கொன்றும்விடுகிறான். ஆனால் வென்ற சந்தோசத்தில் பாயை மாற்ற மறந்துபோகிறான். பாறை உச்சியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவன் கறுப்புப் பாயைக் காண்கிறான். அப்படியே கடலில் குதித்துவிடுகிறான்.

"ஏகேயுஸ்" என்ற பெயர் உங்கள் வாயில் வரவில்லை. அந்த ஒட்டிப்பிறந்த டேனிஷ் எழுத்தோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு, "விசர்ப்பேர். ஏகாம்பரத்தார் எண்டு வைப்பம்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தக் கிரேக்க அரசன் உடுப்பிட்டிப் பக்கத்து ஓய்வுபெற்ற கிளார்க்கர் ஒருவரைப் போல நம் வீட்டில் நடமாடத் தொடங்கினார்.

அவர்மேல் உங்களுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல.

"தம்பி, நான் வான் ஓடினவன். தூரத்தில வாற வானின்ர நிறத்தைப் பாத்து அது எங்க போகுது எண்டு சொல்லேலுமோ? கிட்ட வரவேணும். கதவு திறக்கவேணும். மினிபஸ் பெடியன் இறங்கி ஊரின்ர பேரைச் சொல்லிக் கத்தவேணும். உந்த ஏகாம்பரத்தார் என்ன செய்தவர்? துணியைப் பாத்தார், குதிச்சார். கப்பல் கரைக்கு வரட்டுமே! இறங்கிற ஆக்களைப் பாக்கட்டுமே! பிறகு வேணுமெண்டால் குதிக்கட்டும்."

"அவசரப்பட்டுட்டார் அண்ணை."

"அவசரமோ? பெத்த பிள்ளை இறங்கி வரேக்க தகப்பன் கரையில இல்லை. அந்தப் பெடியனுக்கு எப்பிடியிருந்திருக்கும்? அதை யோசிச்சவரோ?"

அதன்பின் எதற்கும் அந்த வாக்கியம்தான். விண்ணப்பத்தைப் பற்றிப் புது வதந்தி ஒன்று வந்தால், "கப்பல் கரைக்கு வரட்டும்." யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு கடிதங்கள் நின்றுபோன மாதங்களில் நான் வானொலியைக் காதில் ஒட்டிக்கொண்டு நடுங்கினால், "கப்பல் கரைக்கு வரட்டும், தம்பி." சொல்லும்போது உங்கள் குரல் உறுதியாகத்தான் இருக்கும். கை மட்டும் உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு கிர்ஸ்டன் கோப்பி குடிக்க வந்திருந்தபோது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். அவர் நூலகக்காரர் அல்லவா, அடுத்த ஞாயிறே பதிலோடு வந்துவிட்டார். அரசன் விழுந்ததால்தான் அந்தக் கடலுக்கு அவன் பெயர், ஏகேயக் கடல், என்று கதை சொல்கிறது. பெயரின் வேர் அலையைக் குறிக்கும் பழைய சொல் என்று சிலர் சொல்கிறார்களாம். இல்லை, ஆட்டைக் குறிக்கும் சொல், அலை ஆடுபோலத் துள்ளுகிறது அல்லவா என்று வேறு சிலர். இன்னும் சிலர், கடலின் பெயர்தான் முதலில் இருந்தது, அது ஏன் என்று மறந்துபோன சனங்கள் அந்தப் பெயருக்காகப் பின்னால் ஓர் அரசனை உண்டாக்கிக்கொண்டார்கள் என்கிறார்களாம்.

"அப்போது அரசனே இருக்கவில்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறார்கள்" என்றார் கிர்ஸ்டன்.

நீங்கள் கோப்பையை மேசையில் வைத்தீர்கள். டேனிஷில் தேடிப் பார்த்துவிட்டு முடியாமல், என்னிடம் தமிழில் சொன்னீர்கள். "இல்லையெண்டு சொல்லு. இருந்திருப்பான். ராசாவா இல்லாமல் இருக்கலாம். ஆனா அந்தக் கடற்கரையில ஆரோ ஒருத்தன் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு நிண்டிருக்கிறான். சனம் சும்மா கதை கட்டாது."

நான் மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் கேக்கைத் தொடாமல் போய்விட்டார்.

நீங்கள் போனபிறகு நான் ஒன்று கண்டுபிடித்தேன், அண்ணை. ஏதோ ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டியபோது, நம் ஏகாம்பரத்தாருக்குள் இருக்கும் அம்பரம் என்ற சொல் கண்ணில் பட்டது. துணி என்றும் பொருளாம், கடல் என்றும் பொருளாம். துணியைப் பார்த்துக் கடலில் குதித்த மனிதருக்கு நீங்கள் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர்! இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்துவிட்டேன். உங்கள் எண்ணைப் பாதி அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

இனி, வீட்டில் நீங்கள் இடுப்பில் உடுத்திய அந்தச் சிவப்புச் சாரத்துக்கு வருகிறேன். நீங்கள் விடியவே வேலைக்குப் போய் மூன்று மணிக்கெல்லாம் முடித்துவிடுவீர்கள். எனக்கு மாறி மாறி வேலை. நல்ல செய்தி வந்தால் அதை முதலில் அறிகிறவர் மற்றவருக்கு எப்படித் தெரிவிப்பது என்று ஒருநாள் பேச்சு வந்தது. பெற்றோல் நிலையத்துத் திருப்பத்தில் சைக்கிள் திரும்பினால் நம் பல்கனி தெரியும். "ஏகாம்பரத்தார் முறைதான். பல்கனியில துணி கட்டுவம்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் அது விளையாட்டு இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"கதையில உள்ளமாதிரி வெள்ளையோ அண்ணை?"

"உனக்கு விசரே? எங்கட ஊரில வெள்ளை கட்டினா என்னெண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி பறந்தால் உள்ளே செத்தவீடு. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நடந்து போவோம். அதனால் உங்கள் சிவப்புச் சாரம் தெரிவானது. என்னைப் பல்கனியில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, திருப்பம்வரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "நல்லாத் தெரியுது. செவ்வரத்தம்பூ மாதிரி" என்றீர்கள். சாரத்தைத் தோய்த்து மடித்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதை உடுத்தவேயில்லை.

பல்கனியில் ஏதோ அடையாளம் கட்டப்போகிறோம் என்பதைக் கிர்ஸ்டனுக்கும் சொல்லியிருந்தோம். நிறத்தைப் பற்றிக் கதை வரவில்லை. அவருக்கென்ன, அவர்தானே நமக்கு அந்தக் கதையைக் கொண்டுவந்து தந்தவர்.

அது ஜூன் மாதம். பகல் முடிய மனமில்லாமல் நீண்டுகொண்டு கிடக்கும் காலம். அன்றைக்கு எனக்குப் பகல் வேலை. பஸ் பெற்றோல் நிலையத்தில் திரும்பியபோது பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன். நம் பல்கனிக் கம்பியில் வெள்ளைத் துணி. பெரியது, நீளமாகக் கீழே தொங்கியது. காற்றில் மெல்ல ஆடியது.

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவு திறந்திருந்தது. உள்ளே கிர்ஸ்டன் நின்றார். மேசையில் கிரீம் பூசிய அடுக்குக் கேக். அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி டேனிஷ்க் கொடிகள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அனுமதி கிடைத்துவிட்டது! மத்தியானம் தொலைபேசி வந்தது. அவருடைய மனைவிக்கும் மகளுக்கும். இரண்டு பேருக்கும்!"

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

"அண்ணை எங்கே?"

"இன்னும் வரவில்லை. என் நல்ல மேசைவிரிப்பைக் கட்டியிருக்கிறேன். திருப்பத்திலேயே கண்டிருப்பார்!"

மணி ஐந்து தாண்டிவிட்டது. வெள்ளை என்றால் எங்களுக்கு என்ன என்று கிர்ஸ்டனுக்குச் சொன்னேன். அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். பல்கனிக்கு ஓடி அந்த விரிப்பை இழுத்த இழுப்பில் அது கம்பியில் மாட்டிக் கிழிந்தது. பிறகு கார்த் திறப்பை எடுத்தார்.

பெற்றோல் நிலையத்துப் பையன் கண்டிருக்கிறான். "சைக்கிளோடு கனநேரம் இதிலே நின்றார். எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். வந்த பக்கமே திரும்பிவிட்டார்" என்றான். வேலைத்தலத்தில் நீங்கள் இல்லை. அடுத்து எங்கே என்று நான் சொல்லாமலே கிர்ஸ்டன் ஏரிப் பக்கம் காரைத் திருப்பினார். நாங்கள் இருவரும் அந்தக் கதையை வாசித்தவர்கள்.

ஆற்றை மறித்து உண்டாக்கிய அந்த ஏரிக்கரையில் முதலில் சைக்கிளைக் கண்டேன். புல்லில் கிடந்தது. அடுத்து உங்கள் சப்பாத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தீர்கள், கோயில் வாசலில் வைப்பதுபோல. அதைக் கண்டதும் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

நீங்கள் நாணலுக்கு அந்தப் பக்கம், மரப்பலகைத் துறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருந்தீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினீர்கள்.

"தம்பி, சொல்லாதை."

"அண்ணை..."

"சொல்லாதையடா. கொஞ்சம் பொறு. நீ சொல்லாத வரைக்கும் அதுகள் இருக்குதுகள்."

"அண்ணை, வருகினம்."

"ஆர்?"

"அக்காவும் தர்ஷினியும். அனுமதி கிடைச்சிட்டுது. வருகினம் அண்ணை!"

அப்போதும் நீங்கள் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கத் தொடங்கியது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். உங்கள் கை என் கழுத்தைச் சுற்றிப் பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. தக்காளி இலையின் மணம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சந்தேகம் கேட்கும் பிள்ளையைப் போலக் கேட்டீர்கள். "அப்ப அந்த வெள்ளை? அது ஆர் கட்டினது?"

பின்னால் நின்ற கிர்ஸ்டனைக் காட்டினேன். கிழிந்த விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். நீங்கள் எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்து, உங்களுக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னீர்கள். "நல்ல துணி. மிக நல்ல துணி. நன்றி."

கார் நம் தெருவுக்குள் வந்தபோது, "தம்பி, இனி ஏகாம்பரத்தாரை ஒண்டும் சொல்லக்கூடாது. பாவம் மனுசன்" என்றீர்கள். ஏரிக்கு எதற்காகப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நம் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்துவிட்டது. அன்றைக்கு அந்த உப்புச்சப்பில்லாத கேக்கை மூவரும் சேர்ந்து முழுவதும் தின்று முடித்தோம்.

அவர்கள் வந்து இறங்கிய நாளில் நான் விமான நிலையத்துக்கு வரவில்லை. பல்கனியில் சிவப்புச் சாரத்தைக் கட்டவேண்டியது என் பொறுப்பு. கார் திருப்பத்தில் வேகம் குறைந்ததையும், பின் கண்ணாடியில் ஒரு சின்ன முகம் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததையும் மேலிருந்து கண்டேன். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக நீங்கள் அலுமாரியைத் திறந்து சப்பாத்தை எடுத்தீர்கள். தர்ஷினியின் கால் அதற்குள் தொலைந்துபோயிற்று. டேனிஷ்க் காலைப் பார்த்து வாங்கியதன் பலன். அக்கா இத்தனை ஆண்டுக்குப் பிறகு உங்களோடு பேசிய முதல் முழு வாக்கியம், "இதுக்குள்ள ரெண்டு பிள்ளையளை நிப்பாட்டலாம்" என்பதுதான். நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. "அடுத்த வருசம் சரியாகும்" என்றீர்கள்.

அந்தத் தமிழர் வழக்கு விசாரணை முடிந்து அறிக்கை வந்து அரசாங்கமே பதவி விலகிய அன்றைக்கு ஒடென்சேயிலிருந்து உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைக்காட்சியில் எங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று துள்ளினேன். நீங்கள் அமைதியாக, "கேட்டனான். சரி, அதால போன வருசங்களில ஒண்டைத் திருப்பித் தருவினமோ?" என்றீர்கள். பிறகு தர்ஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். பிள்ளையின் முதல் நடையை, முதல் சொல்லைப் பறிகொடுத்தவர் நீங்கள். பல்லையாவது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

போன ஒக்டோபரில் தர்ஷினி அழைத்துச் சொன்னாள். நித்திரையிலேயே போய்விட்டீர்களாம். ரயிலில் வரும்போது நான் அழவில்லை. நிலையத்திலிருந்து நடந்தே வந்தேன். பெற்றோல் நிலையத்துத் திருப்பத்தில் கால் தானாக நின்றது. நீங்கள் கடைசிவரை அந்த வீட்டை விடவில்லையே, "அதுகள் வந்து கண்ட வீடு" என்று. நிமிர்ந்து பார்த்தேன். செத்தவீட்டுப் பல்கனியில் சிவப்புச் சாரம் தொங்கியது. வெளுத்து, ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அங்கேயே, அந்தத் தெருவிலேயே, உடைந்துபோனேன்.

மேலே ஒரு பக்கம் டேனிஷ் ஆட்கள் கறுப்பில், மறுபக்கம் நம் ஆட்கள் வெள்ளையில். சக்கர நாற்காலியில் கிர்ஸ்டன், மடியில் சிவப்பு ரோஜாக்கள். அந்த ஜூனுக்குப் பிறகு அவர் நமக்கு வெள்ளையில் எதுவும் கொண்டுவந்ததில்லை. வந்தவர்களில் ஒரு பெரியவர் தர்ஷினியிடம், செத்தவீட்டில் இதென்ன சிவப்பு, கழற்று பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முதலில் டேனிஷில் ஏதோ வெடுக்கென்று சொன்னாள். பிறகு என்னைக் கண்டதும் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா எங்கயிருந்தாவது சைக்கிளில வந்தா, பயந்து திரும்பிப் போகக் கூடாது, சித்தப்பா."

பெரியவர் போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

பின்னேரம் சமையலறையில், நீங்கள் வெங்காயம் உரிக்கும் அதே இடத்தில், அவள் என்னிடம் மிச்சத்தையும் சொன்னாள். கோடையில் அவளுடன் ஏரிக்கரையில் நடந்தபோது சொன்னீர்களாம். அன்றைக்குக் குதிக்கத்தான் போனீர்களாம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் பார்த்தீர்களாம். வீட்டில் அலுமாரிக்குள் இருக்கும் மற்றச் சோடி ஞாபகம் வந்ததாம். "இந்த வருசத்துச் சப்பாத்து இன்னும் ஆருக்கும் குடுக்கேல்லையே, அதைத் தம்பி என்னெண்டு ஒருத்தருக்குக் குடுப்பான் எண்டு யோசிச்சன் பிள்ளை. யோசிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டன்." நான் ஒருநாளும் கேட்காத கேள்விக்கு, நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் மகளின் வாயால் பதில் வந்தது. அந்தச் சப்பாத்தைக் கண்டு நான் எத்தனைமுறை சிரித்திருப்பேன், அண்ணை.

இந்த வசந்தத்தில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு ஒருமுறை போனேன். உங்கள் பேத்திக்குக் கைப்பந்துப் போட்டி. தர்ஷினி கலியாணம் கட்டியபோது கணவனுடைய பெயரை எடுக்காமல் உங்கள் பெயரையே தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள் அல்லவா? மகளுக்கும் அதையே வைத்திருக்கிறாள். இந்த நாட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிப் போவது நம் எல்லோருக்கும் நடந்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முதுகில், டேனிஷ் எழுத்தில், உங்கள் பெயர். நீளப் பெயர் என்பதால் தோளிலிருந்து தோள்வரை வளைத்து அச்சடித்திருக்கிறார்கள். அது மண்டபம் முழுக்க ஓடியது, விழுந்தது, எழுந்தது, மறுபடி ஓடியது. குதித்த மனிதரின் பெயர் ஒரு கடலுக்குப் போயிற்று. குதிக்காமல் இருந்துவிட்டவரின் பெயர் வியர்வையோடு என் கண்முன்னே பந்து எறிந்தது.

கடைசி நிமிடத்தில் பந்து அவள் கைக்கு வந்தது. சுற்றியிருந்த டேனிஷ்ப் பிள்ளைகள் எல்லாம் அவளுடைய முதுகில் இருந்த பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி கடித்துக் குதறிக் கத்தினார்கள். கேட்கப் பொறுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். உங்களை அண்ணை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் அழைத்ததில்லை. இந்த மடலில்கூட உங்கள் பெயரை எழுத என் கை வரவில்லை. அன்றைக்கு மட்டும், அத்தனை பேர் நடுவில், தொண்டை கிழிய, உங்கள் பெயரை நம் ஊரில் சொல்கிறபடி முழுதாகச் சொல்லிக் கத்தினேன். அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கோவிக்காதேங்கோ, அண்ணை.